வீட்டு டப்பாவில் நாற்று விடும்போது தண்ணீர் எங்கே தங்குகிறது?

முட்டை அட்டை, தயிர் டப்பா, வெட்டிய தண்ணீர் பாட்டில் என்று வீட்டில் சேர்ந்ததையெல்லாம் எடுத்துத் தோட்டத்து மண்ணை நிரப்பி, தக்காளியும் மிளகாயும் ஒரே நாளில் விதைத்திருக்கிறீர்கள். தக்காளி ஒரு வாரத்தில் நன்றாகவே முளைத்தது. அதற்கு அடுத்த வாரம் தயிர் டப்பாவில் பாதி நாற்று தரையோடு படுத்துவிட்டது. முட்டை அட்டையில் இருந்தவை வாடிக் காய்ந்துபோயின. மிளகாய் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எந்த டப்பா நல்லது, கடைசியில் குழித்தட்டு வாங்கித்தான் ஆக வேண்டுமா என்பது உங்கள் கேள்வி.

வாங்க வேண்டியதில்லை. பல வருடங்களாக நான் நாற்று விடுவது குப்பைக்குப் போக வேண்டிய டப்பாக்களில்தான். விதைக்குத் தான் இருப்பது விலை கொடுத்து வாங்கிய தட்டா, தயிர் டப்பாவா என்பது தெரியாது. தன்னைச் சுற்றி எவ்வளவு தண்ணீர், எவ்வளவு காற்று, எவ்வளவு சூடு என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். நீங்கள் சொன்ன மூன்று தோல்விகளில் இரண்டு தண்ணீர் சம்பந்தப்பட்டவை, மூன்றாவது சூடு சம்பந்தப்பட்டது. தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் சறுக்குவது அங்கேதான்.

பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சு ஒன்றை எடுத்துத் தண்ணீரில் முழுக்க ஊறவிடுங்கள். உள்ளங்கையில் படுக்கை வாட்டில் வைத்துத் தூக்கினால் கொஞ்சம் ஒழுகும், பிறகு நின்றுவிடும். பிழியாமல், குலுக்காமல், அதே ஸ்பாஞ்சை அதன் நீளவாட்டில் நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். மறுபடியும் தண்ணீர் ஒழுகும். ஸ்பாஞ்சு அதேதான், அளவும் அதேதான், உயரம் மட்டும் கூடியிருக்கிறது. டப்பாவில் இருக்கும் மண்ணும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. அடியில் எத்தனை துளை போட்டாலும், வடிந்து முடிந்த பிறகு அடிப்பகுதியில் ஒரு பட்டை அளவுக்கு மண் தண்ணீரை இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தப் பட்டையின் கனத்தைத் தீர்மானிப்பது மண் கலவை. டப்பா உயரமானதா குட்டையானதா என்பது அதை மாற்றுவதில்லை. ஒரு பேச்சுக்கு அந்தப் பட்டை 2 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 செ.மீ. ஆழமுள்ள டப்பாவில் மேலே 8 செ.மீ.க்கு வேர் மூச்சுவிட இடம் இருக்கிறது. 3 செ.மீ. ஆழமுள்ள முட்டை அட்டைக் குழியில் 1 செ.மீ. மட்டுமே மிஞ்சும்.

இதனால்தான் ஆழமில்லாத எதையும் நான் நாற்றுக்குப் பரிந்துரைப்பதில்லை. குறைந்தது 6 அல்லது 7 செ.மீ. ஆழம் வேண்டும். தயிர் டப்பா, உயரமான காகிதக் கோப்பை, அடிப்பக்கம் மட்டும் வெட்டி எடுத்த பாட்டில், பழச்சாறு வந்த அட்டைப்பெட்டி எல்லாம் இதில் தேறிவிடும்.

இதையொட்டி இன்னொன்றையும் தெளிவுபடுத்திவிடுகிறேன். வடிகாலுக்காக டப்பாவின் அடியில் கூழாங்கல் போடுங்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அது உதவுவதில்லை, கெடுதலும் செய்கிறது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளி உள்ள கல் அடுக்குக்குத் தண்ணீர் சுலபமாக இறங்காது. மேலே உள்ள மண் முழுக்க ஊறி நிறைந்த பிறகுதான் சொட்டத் தொடங்கும். ஆகவே அந்த ஈரப்பட்டை மறைவதில்லை, கல்லின் உயரத்துக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. குட்டையான டப்பாவை நீங்களே இன்னும் குட்டையாக்கியது போலத்தான் ஆகும். மண் துளை வழியாகக் கொட்டிவிடும் என்ற பயம் இருந்தால், அடியில் ஒரு துண்டு செய்தித்தாள் போதும்.

அடுத்தது துளை. எத்தனை துளை என்பதைவிட எங்கே துளை என்பதைப் பாருங்கள். தயிர் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தால் அடிப்பாகத்தின் நடுப்பகுதி உள்பக்கமாக லேசாக மேடிட்டு இருப்பது தெரியும். நடுவில் ஒரு துளை போட்டால் ஓரத்தைச் சுற்றி வளையம் போலத் தண்ணீர் தேங்கி நிற்கும். காலி டப்பாவில் இரண்டு கரண்டி தண்ணீர் ஊற்றி, சமதளத்தில் வைத்து, அது எங்கே தங்குகிறது என்று பாருங்கள். துளை போட வேண்டிய இடம் அதுதான். நான் அடிப்பாகமும் பக்கச்சுவரும் சேரும் மூலையில் நான்கு இடத்தில், பென்சில் கனத்துக்குச் சற்றுக் குறைவாகத் துளைக்கிறேன். மூலையில் இருப்பதால் டப்பாவைத் தட்டில் வைத்தாலும் துளை அடைபடாது.

துளைக்கும் முறை பிளாஸ்டிக்கின் வகையைப் பொறுத்தது. டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 5 என்று இருந்தால் அது வளைந்துகொடுக்கும் வகை, கத்தரிக்கோலால் மூலையைக் கிள்ளி வெட்டிவிடலாம். 6 என்று இருந்தால் மொறுமொறுப்பான வகை, ஆணியால் குத்தினால் விரிசல் மேலே வரை ஓடும். அதற்குத் துளைக்கருவிதான் சரி. நான்கைந்து டப்பாவை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கித் துளைத்தால் வேலையும் சீக்கிரம் முடியும், உடைவதும் குறையும். பழுக்கக் காய்ச்சிய ஆணியால் குத்துபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் திறந்த வெளியில் செய்யுங்கள், அந்தப் புகையை வீட்டுக்குள் சுவாசிக்கக் கூடாது. பூச்சிமருந்து, பெயின்ட், எஞ்சின் எண்ணெய் இருந்த டப்பாக்களை எவ்வளவு கழுவினாலும் இதற்கு எடுக்காதீர்கள்.

இனி உங்கள் முட்டை அட்டை. அது எப்படி ஒரே சமயத்தில் சகதியாகவும் காய்ந்தும் போகும் என்று குழம்பியிருப்பீர்கள். காலையில் ஊற்றியதும் அந்தச் சிறிய குழி முழுக்க ஈரமாகிவிடுகிறது. பிறகு அட்டை தன் பங்குக்குத் தண்ணீரை உறிஞ்சி, எல்லாப் பக்கமும் காற்றில் விடுகிறது. குழியில் இருப்பதே இரண்டு மூன்று கரண்டி மண்தான், மாலைக்குள் அதில் ஒன்றும் மிஞ்சாது. இளம் வேர் ஒரே நாளில் மூழ்கவும் வேண்டும், தாகத்தில் துடிக்கவும் வேண்டும் என்றால் எப்படித் தாங்கும்? முட்டை அட்டையில்தான் செய்வேன் என்றால், அதை முளைக்க வைக்கும் தட்டாக மட்டும் பயன்படுத்துங்கள். முளை வந்து வித்திலை, அதாவது விதைக்குள்ளிருந்து முதலில் வெளிவரும் இலை, விரிந்த சில நாட்களுக்குள் ஆழமான டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். முட்டை ஓட்டில் விதைப்பதும் அதே கதைதான், படத்துக்கு அழகாக இருக்கும். ஓட்டிலுள்ள சுண்ணாம்புச்சத்து மெதுவாகவே கரையும், அந்தச் சில வாரங்களில் நாற்றுக்குச் சொல்லும்படி எதுவும் கிடைத்துவிடாது.

காகிதத்தை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. செய்தித்தாளைப் பட்டையாகக் கிழித்து ஒரு கண்ணாடி டம்ளரைச் சுற்றிச் சுருட்டி, அடியை மடித்து எடுத்தால் கிடைக்கும் தாள்தொட்டி எனக்கு மிகவும் பிடித்தமானது. கழிப்பறைத் தாளின் நடுக்குழலும் அப்படியே. வெள்ளரி, பூசணி, பாகல் போன்ற கொடிகள் வேரைத் தொந்தரவு செய்தால் முகம் சுளிக்கும் செடிகள். அவற்றைத் தாள்தொட்டியில் விதைத்து, இரண்டு மூன்று வாரத்தில் தொட்டியோடு சேர்த்தே நட்டுவிடலாம். நடும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். மண்மட்டத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தாள் விளிம்பைக் கிழித்துவிட வேண்டும், அல்லது முழுவதும் மண்ணுக்குள் புதைய வேண்டும். இல்லையென்றால் அது விளக்குத்திரி போல வேரைச் சுற்றியுள்ள ஈரத்தை மேலே இழுத்துக் காற்றில் விட்டுவிடும். தாள்தொட்டிகளின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூஞ்சை படரும். தாளைத் தின்ன வந்த பூஞ்சை அது, பெரும்பாலும் நாற்றைத் தொடாது. தொட்டிகளை நெருக்கி அடுக்காமல் இடைவெளி விட்டு வைத்தால் அதுவும் குறையும்.

காகிதக் கோப்பையை மட்டும் தாள் என்று நம்பி அப்படியே புதைத்துவிடாதீர்கள். சூடான பானம் ஒழுகாமல் இருக்க அதன் உட்பக்கம் பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். பழச்சாறு, பால் வரும் அட்டைப்பெட்டியிலும் அந்தப் பூச்சு உண்டு. அவை நல்ல ஆழமான தொட்டிகள், ஆனால் நடும்போது செடியை வெளியே எடுத்துத்தான் நட வேண்டும். வெட்டிய பாட்டிலில் வேறொரு சிக்கல்: வெளிச்சம் உள்ளே புகுந்து சுவரோரமாகப் பச்சைப் பாசி பிடிக்கும். வேரும் வெளிச்சத்தை விரும்பாது. வெளியே ஒரு சுற்று பழுப்புத் தாளைச் சுற்றிவிட்டால் போதும். வேர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்போது தாளை விலக்கிப் பார்க்கிற வசதியும் கிடைக்கும். எனக்கு அந்த வெள்ளை வேர்களைப் பார்ப்பதில் ஒவ்வொரு முறையும் அதே மகிழ்ச்சி.

தரையோடு படுத்த நாற்றுகளுக்கு வருவோம். அவற்றில் ஒன்றை எடுத்துத் தண்டின் அடியைக் கூர்ந்து பார்த்திருந்தால், மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு நீர்கோத்து, பழுப்பேறி, நூல் போல இளைத்திருந்ததைக் கண்டிருப்பீர்கள். மேலே இலை பச்சையாகவே இருக்கும். இது நாற்றழுகல் நோய். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற நுண்ணுயிர்கள் மண்ணிலும், பழைய தொட்டியில் ஒட்டிய அழுக்கிலும் காத்திருந்து, ஈரம் மிகுந்து காற்று குறைந்த இடத்தில் கிளம்புகின்றன. படுத்த நாற்றை எழுப்ப எந்த மருந்தும் கிடையாது. நிற்பவற்றை வேண்டுமானால் உடனே பிரித்துப் புதிய கலவையில் வைத்து, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றிப் பார்க்கலாம், சில பிழைக்கும்.

வராமல் தடுக்க மூன்று வேலை செய்ய வேண்டும். முதல் வேலை, டப்பாவைச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுவது. முன்பு நாற்று அழுகிய டப்பாவாக இருந்தால், வீட்டில் பயன்படுத்தும் பிளீச் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து, அதில் பத்து நிமிடம் மூழ்கவைத்து, நன்றாக அலசிக் காயவிடுங்கள். அந்தத் திரவத்துடன் வினிகரையோ வேறு துப்புரவுப் பொருளையோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

இரண்டாவது, தோட்டத்து மண்ணை விட்டுவிடுங்கள். தரையில் அந்த மண் நல்ல மண்ணாகவே இருக்கலாம். அங்கே மண்புழு உண்டு, கீழே இறங்கிச் செல்ல ஆழம் உண்டு. டப்பாவுக்குள் வந்ததும் நான்கு முறை தண்ணீர் ஊற்றினால் கட்டி தட்டிவிடும், நோயையும் கூடவே கொண்டுவரும். நான் கலப்பது நனைத்து உதிர்த்த தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, நன்கு மக்கிச் சலித்த உரம் ஒரு பங்கு, கரடுமுரடான மணலோ பெர்லைட்டோ (மண்ணில் காற்றிடம் விடும் லேசான வெள்ளைத் துகள்) ஒரு பங்கு. நார்க்கழிவில் உப்பு தங்கியிருக்கலாம், ஆகவே ஒருமுறை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவது நல்லது. கலவையை நிரப்பும் முன்பே ஈரப்படுத்த வேண்டும். உலர்ந்த நார்க்கழிவு மேலிருந்து ஊற்றும் தண்ணீரை ஓரமாக வழியவிட்டு, நடுவில் காய்ந்தே கிடக்கும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும், விரலைத் திறந்தால் உருண்டை நின்று, தொட்டதும் உதிர வேண்டும். தாரையாக ஒழுகினால் ஈரம் அதிகம்.

மூன்றாவது, தண்ணீரை மேலிருந்து ஊற்றாமல் கீழிருந்து கொடுங்கள். டப்பாக்களை ஓர் அகலமான தட்டில் வைத்து, ஒரு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, மேல்மண் நிறம் மாறும் வரை, சுமார் அரைமணி நேரம் விடுங்கள். பிறகு மீதித் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், இதை மறந்தால் பட்ட பாடெல்லாம் வீண். அடுத்த முறை எப்போது ஊற்றுவது? நாளைக் கணக்கு வைக்காதீர்கள். டப்பாவைக் கையில் தூக்கிப் பாருங்கள். நனைந்த டப்பாவின் கனத்தையும் காய்ந்த டப்பாவின் கனத்தையும் கை ஒரு வாரத்தில் பழகிவிடும். அதற்குப் பிறகு உங்களுக்கு யாருடைய ஆலோசனையும் தேவைப்படாது.

மிளகாய் வராததற்கு டப்பாவின் மேல் பழி இல்லை. ஒவ்வொரு விதைக்கும் தன் சூடு உண்டு. மண்ணின் வெப்பம் 25 டிகிரி செல்சியஸ் இருந்தால் தக்காளி சுமார் 6 நாளில் முளைக்கும், மிளகாய்க்குச் சுமார் 8 நாள். அதே மண் 15 டிகிரியில் இருந்தால் தக்காளிக்கு இரண்டு வாரம், மிளகாய்க்கு மூன்று வாரத்துக்கும் மேல். அத்தனை நாள் குளிர்ந்த ஈரத்தில் கிடக்கும் விதை முளைப்பதற்குள் அழுகிவிடலாம். காற்றின் சூட்டை நம்பாதீர்கள், ஈரமண் அறையைவிட ஓரிரு டிகிரி குளிர்ச்சியாகவே இருக்கும். குளிர்சாதனப் பெட்டியின் மேற்பரப்பு வெதுவெதுப்பாக இருந்தால் முளைக்கும் வரை டப்பாவை அங்கே வைக்கலாம். முளைப்பதற்கு மிளகாய்க்கு வெளிச்சம் வேண்டியதில்லை.

விதையின் மேலேயே சந்தேகம் இருந்தால் பத்து விதையை ஈரமான டிஷ்யூ தாளில் பரப்பி மடித்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு, வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். இரண்டு வாரத்தில் எத்தனை முளைக்கிறது என்று எண்ணுங்கள். ஐந்துதான் வந்தது என்றால் இரண்டு மடங்கு விதைக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை என்றால் புது விதை தேடுங்கள். விதைக்கும் ஆழம் விதையின் கனத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு, அவ்வளவுதான். லெட்டூஸ், பெட்டூனியா மாதிரி வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும் பொடி விதைகளை மேலே தூவி அழுத்திவிட்டால் போதும், மூட வேண்டாம்.

மூடியுள்ள தெளிவான பிளாஸ்டிக் பெட்டிகள் முளைக்கும் கட்டத்தில் மிகவும் உதவும், ஈரம் போகாமல் காக்கும். ஆனால் முதல் முளை தலைகாட்டிய அன்றே மூடியைத் திறந்துவிட வேண்டும். மூடியோடு நேர்வெயிலில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் உள்ளே வெந்துவிடும். முளைத்ததும் வெளிச்சமும் உடனே வேண்டும். ஒரு நாள், இரண்டு நாள் இருட்டில் விட்டாலும் தண்டு வெளிறி நீண்டு, தன் கனத்தையே தாங்காமல் சாயும். ஜன்னலோரம் வைத்தால் நாற்று ஒரு பக்கமாக வளையும். அந்தப் பழச்சாறு அட்டைப்பெட்டியைப் பிரித்து, வெள்ளித்தாள் பக்கம் நாற்றைப் பார்த்தபடி பின்னால் நிறுத்திப் பாருங்கள், வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

ஒரு டப்பாவில் கூட்டமாக முளைத்திருந்தால், வித்திலைக்கு அடுத்து முதல் உண்மை இலை வந்ததும் பிரித்து நடுங்கள். பிடிப்பது இலையைத்தான், தண்டை அல்ல. இலை ஒன்று கிழிந்தால் வேறொன்று வரும், தண்டு நசுங்கினால் நாற்று போய்விடும். தக்காளி நீண்டு போயிருந்தால் வித்திலை வரை தண்டைப் புதைத்து நடலாம், புதைந்த தண்டெல்லாம் வேர்விடும். கேரட், முள்ளங்கி போன்றவற்றை டப்பாவில் தொடங்காதீர்கள். இடம் மாற்றும்போது ஆணிவேர் நுனி ஒடிந்தால் கிழங்கு கிளைத்துக் கோணிக்கொள்ளும். அவை நேராகத் தரையிலேயே விதைக்க வேண்டியவை.

வெளியே நடும் முன்பு ஒரு வாரம், பத்து நாள் பழக்குங்கள். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயிலும் காற்றும். வீட்டுக்குள் வளர்ந்த இலை முதல் நாளே முழு வெயிலைப் பார்த்தால் வெள்ளையாகத் தீய்ந்துவிடும். பெயர்ச்சீட்டைத் தயிர் டப்பாவின் பக்கச்சுவரிலிருந்தே வெட்டிக்கொள்ளுங்கள், எழுதுவது பென்சிலில் இருக்கட்டும். மார்க்கர் மை வெயிலில் வெளுத்துவிடும்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது: படுத்துப்போன டப்பாக்களின் மண்ணைத் தோட்டத்தின் ஒரு மூலையில் கொட்டுங்கள், மறுபடி நாற்றுக்கு எடுக்க வேண்டாம். டப்பாக்களை பிளீச் கரைசலில் ஊறவையுங்கள். நின்றுகொண்டிருக்கும் தக்காளிகளை இன்றே புதிய கலவைக்கு மாற்றுங்கள். மிளகாய் விதைத்த டப்பாவைக் கொட்டிவிடாதீர்கள், வெதுவெதுப்பான இடத்துக்கு நகர்த்தி இன்னும் பத்து நாள் பொறுங்கள். அதே நாளில் பத்து மிளகாய் விதையை ஈரத்தாளில் மடித்து வைத்துவிடுங்கள். டப்பாவில் ஒன்றும் வராவிட்டாலும், தவறு விதையிலா சூட்டிலா என்று அந்தத் தாள் சொல்லிவிடும்.